உறைபெட்டியும் கருவாட்டுக் கூடையும்



சென்னையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் இளைஞர் ஒருவரை, மாதத்தின் கடைசி வாரத்தில், "இரவு என்ன சாப்பிட்டாய், தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆயிற்று, ஐயா" என்பார். என்ன ஆயிற்று என்பதைச் சொல்லமாட்டார். சற்று வற்புறுத்தினால்தான் ஒரு தேநீரும் ஒரு பன்னும் என்ற உண்மை வெளிவரும். முதல் வாரத்தில் பிரியாணி, இரண்டாம் வாரத்தில் பரோட்டா, மூன்றாம் வாரத்தில் தயிர்ச்சோறு, நான்காம் வாரத்தில் தேநீர் என்று இறங்கிக்கொண்டே போகிறது அவருடைய உணவுக் கணக்கு. வீட்டிலிருந்து வரும் பணம் போதவில்லை என்பது ஒரு காரணம். சமைத்துச் சாப்பிடலாம் என்றால் வகுப்பும் தேர்வும் மாலை நேர வேலையும் பொழுதை விழுங்கிவிடுகின்றன என்பது மற்றொன்று. பட்டினி கிடந்து பட்டம் பெறுவதைப் பெருமையாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. பதினெட்டு வயது உடம்புக்குப் பருப்பும் மீனும் காய்கறியும் தேவை. அவை இல்லாதபோது பாடம் மண்டையில் ஏறுவதில்லை என்பதை வகுப்பறையில் பாடம் சொல்பவர்கள் நன்கு அறிவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் சமைத்து, அதை வாரம் முழுவதும் வைத்துச் சாப்பிடுவது எப்படி என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இப்போது நான்கைந்து மாணவர் சேர்ந்து தங்கும் அறைகளில் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று பெரும்பாலும் இருக்கிறது. அதன் மேல்தட்டில் இருக்கும் உறைபெட்டி, அதாவது நாம் பிரீசர் என்று சொல்வது, ஐஸ் தண்ணீருக்கும் எப்போதாவது வாங்கும் ஐஸ்கிரீமுக்கும் மட்டுமே பயன்படுகிறது. அது வேறு என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ள உங்களைப் பழவேற்காட்டிற்கு அழைத்துப் போக விரும்புகிறேன். கிடைக்கும் நாளில் சேர்த்து வைத்துக் கிடைக்காத நாளில் உண்ணும் கலையில் கைதேர்ந்தவர்கள் அவ்வூர் மக்கள்.

சென்னைக்கு வடக்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் கடலும் கழியும் கூடும் இடத்திற்கு வந்துவிடலாம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி மட்டும் நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்தில். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கோட்டை கட்டி முடித்து வாணிபம் செய்தார்கள். கோட்டை அழிந்துவிட்டது; அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. சரித்திரம் படிப்பவர்கள் அவற்றைப் பார்க்கட்டும். நாம் கரைக்குப் போவோம்.

காலையில் படகுகள் வந்து சேரும் நேரத்தில் அங்கே நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். ஒரே வலையில் வந்த மீன்கள் இரண்டு வழியாகப் பிரிகின்றன. இறால், நண்டு, கொடுவா, பெரிய மடவை ஆகியவை உடனே தரம் பிரிக்கப்பட்டு, உடைத்த ஐஸோடு அடுக்கடுக்காகப் பெட்டிக்குள் போகின்றன. நெத்திலி, காரப்பொடி, சென்னாக்கூனி போன்ற சிறியவற்றில் அன்று விலை போகாதவை மணலுக்குப் போகின்றன. கூனங்குப்பம், அரங்கங்குப்பம், கோரைக்குப்பம் போன்ற ஊர்களில் பெண்கள் அவற்றைப் பரப்பிக் காயவைப்பதைக் காணலாம். இது நேற்று வந்த தொழில் அன்று. மீனை உணக்குவதையும், உணங்கும் மீனைப் பறவைகள் கொத்தாமல் மகளிர் காவல் காப்பதையும் சங்க நூல்களின் நெய்தல் பாடல்கள் பேசுகின்றன. தமிழ் இலக்கியம் படிப்பவர்கள் 'உணங்கல்' என்ற சொல்லைத் தேடிப் பார்க்கலாம்.

ஒருமுறை கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், "இதற்கு உப்புப் போடவில்லையா, ஆயா?" என்று கேட்டேன். "நெத்திலிக்கு எதுக்குப்பா உப்பு? சின்ன மீனு, ஒரு வெயிலுக்கே சுருண்டுடும். பெரிய மீனத்தான் கீறி, குடல எடுத்து, உப்புல போட்டு வைக்கணும். இல்லாட்டி வெளிய காஞ்சிருக்கும், உள்ள அழுகிப்போவும்" என்றார். பௌதிகப் பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுதி விளக்க வேண்டிய விஷயம் அது. சிறிய பொருளுக்கு எடையைப் பார்க்கிலும் மேற்பரப்பு அதிகம். ஆகவே அதிலிருந்து நீரும் வெப்பமும் விரைவாக வெளியேறுகின்றன. பெரிய பொருளின் நடுப்பகுதிக்கு நம்முடைய வைத்தியம் போய்ச் சேர்வதற்குள் கேடு முந்திக்கொள்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாம்பாருக்கும் இது பொருந்தும் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

உணவு ஏன் கெடுகிறது? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நமக்கு முன்பாகப் பந்தியில் உட்கார்ந்துவிடுவதால். அவற்றுக்கு நீர் வேண்டும், வெதுவெதுப்பும் வேண்டும். மீனில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். நம் ஊரில் வெதுவெதுப்புக்குப் பஞ்சம் இல்லை. உப்பும் வெயிலும் நீரைப் பறிக்கின்றன. ஐஸ் வெதுவெதுப்பைப் பறிக்கிறது. உறைபெட்டி இரண்டையும் ஒருங்கே பறிக்கிறது; நீர் அங்கேயே இருந்தாலும் கல்லாக இறுகிவிடுவதால் நுண்ணுயிரால் அதைப் பருக முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குளிர் அவற்றில் பலவற்றைக் கொல்வதில்லை, உறங்கவைக்கிறது. குளிர் நீங்கியதும் அவை எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. கெடத் தொடங்கிவிட்ட குழம்பை உறைபெட்டியில் வைத்தால் கெடத் தொடங்கிய குழம்புதான் திரும்பக் கிடைக்கும்.

பனிக்கட்டி நம் நாட்டிற்கு வந்த கதையும் சுவையானது. பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டூடர் என்ற வணிகர் அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். சென்னைக்கு வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்க 1842-இல் கட்டப்பட்டதுதான் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அதில் தங்கியிருந்தமையால் இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றிருக்கிறது. பல மாதக் கடற்பயணத்தில் அந்தப் பனி முழுவதும் உருகிப் போகாததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு கிலோ குளிர்ந்த நீரை 80 டிகிரி வரை சூடேற்றப் போதுமானது. பழவேற்காட்டு மீன் பெட்டியில் ஐஸ் மெல்ல மெல்ல உருகும்போதெல்லாம் மீனின் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது.

உறைபெட்டி உணவுக்கு வழிகாட்டியவர், கல்லூரிப் படிப்பைப் பணமில்லாமல் பாதியில் நிறுத்திய ஒருவர் என்று சொன்னால் உங்களுக்கு அவர்மேல் அன்பு பிறக்கும். அவர் பெயர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியை விட்டு விலகிய பின், கனடாவின் லாப்ரடார் பகுதிக்குக் கம்பளித் தோல் வாணிபத்திற்காகப் போனார். அங்கே இனுவிட் மக்கள் பனியைத் துளைத்துப் பிடித்த மீன், வெளியே எடுத்த மாத்திரத்தில் கடுங்குளிர் காற்றில் உறைந்துவிடுவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் அன்று பிடித்த மீன்போல் இருப்பதையும் கண்டார். விரைவாக உறைவதுதான் அதன் இரகசியம் என்பது அவருக்குப் புலப்பட்டது. மெதுவாக உறையும் நீர் பெரிய பெரிய பளிங்குகளாக வளர்ந்து தசையைக் கிழித்துவிடும். விரைவாக உறைந்தால் பளிங்குகள் நுண்ணியவையாக நின்றுவிடும். அவர் செய்த பொறி, மெல்லிய பொட்டலங்களைக் குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கு இடையே அழுத்தி உறையவைத்தது. 1930-இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அத்தகைய உணவு முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. மெல்லிய பொட்டலம் என்பதைக் கவனித்தீர்களா? நம் மூதாட்டியின் நெத்திலித் தத்துவம்தான்.

1950-களில் கொச்சியிலிருந்து உறைந்த இறால் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கியது. அதன் பிறகு நம் கடற்கரைகளில் இறாலின் மதிப்பே மாறிவிட்டது. பழவேற்காட்டு இறாலும் வெளியூர்ப் பெட்டிகளில் ஏறிப் போகிறது. அதைப் பிடித்தவர் வீட்டில் அன்றைய குழம்பு பெரும்பாலும் காரப்பொடிதான். இதை நினைக்கும்போது எனக்குச் சிறிது வருத்தம் உண்டாவதுண்டு. ஆனால் மாணவர்களுக்கு இதில் ஒரு செய்தியும் இருக்கிறது. இறாலின் விலை ஏறியதே தவிர, சிறு மீனின் சத்துக் குறையவில்லை. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கிறது. காய்ந்த நெத்திலியிலோ நீர் போய்விட்டபடியால், எடைக்கு எடை பச்சை மீனைவிடப் பன்மடங்கு புரதம் இருக்கிறது. பெரிய மீன் வாங்கும் பணத்தில் ஒருநாள் விருந்து; சிறு மீன் வாங்கினால் பல நாள் கறி.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். நால்வர் தங்கியிருக்கும் அறை என்று வைத்துக்கொள்வோம். அரைக் கிலோ துவரம்பருப்பு, அரைக் கிலோ கொண்டைக்கடலை. ஒருவருக்கு ஒரு வேளைக்கு நாற்பது கிராம் வீதம் கணக்கிட்டால், ஆறு இரவுகளுக்கு இவை போதும். கடலையைச் சனிக்கிழமை இரவே ஊறவைத்துவிடுங்கள். பருப்பை மஞ்சளும் பெருங்காயமும் சேர்த்துக் கெட்டியாக வேகவைத்து, வெங்காயமும் தக்காளியும் தாளித்துக் கொட்டி, புளியும் தண்ணீரும் சேர்க்காமல் மூன்று பங்காக்குங்கள். தண்ணீரை உறையவைப்பதற்கு இடமும் மின்சாரமும் வீண். அது குழாயில் எப்போதும் கிடைக்கும். கடலையையும் மசாலாவோடு சேர்த்து மூன்று பங்கு. ஆக ஆறு பொட்டலங்கள். இவை சிறிய உறைபெட்டியிலும் அடங்கும். வார நாளில் மாலை வந்ததும் ஒரு பொட்டலத்தை எடுத்துச் சட்டியில் இட்டு, புளியும் தண்ணீரும் அன்றைக்கு மலிவாகக் கிடைத்த காயும் சேர்த்துக் கொதிக்கவிட்டால், சோறு வடிப்பதற்குள் சாம்பார் ஆகிவிடும். ஏழாவது நாள் மறுபடியும் ஞாயிறு.

சோற்றை மட்டும் அன்றன்று வடிப்பதையே நான் விரும்புவேன். அரிசியில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெந்த சோறு வெளியில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோற்றை எடுத்து வைக்கத்தான் வேண்டுமென்றால் தட்டில் பரப்பி உடனே ஆறவைத்து, ஆறியதும் தாமதமின்றி உள்ளே வையுங்கள்.

எதுவானாலும் ஆறவைக்கும் முறைதான் முக்கியம். ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் நுண்ணுயிர்களுக்குத் திருவிழாக் காலம். அந்த எல்லையை உணவு விரைந்து கடக்க வேண்டும். ஆழமான குக்கரில் அப்படியே விட்டுவிட்டுத் திரைப்படம் பார்க்கப் போனால், மேலே ஆறியிருக்கும். நடுவில் இரவுவரை சூடு இருக்கும். அகன்ற தாம்பாளத்தில் ஊற்றி, அதைத் தண்ணீர் நிறைந்த பெரிய பாத்திரத்தின்மேல் வைத்துக் கிளறினால் சீக்கிரம் ஆறிவிடும். இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். சூட்டோடு உறைபெட்டியில் வைத்தாலோ ஏற்கெனவே உறைந்திருப்பவையும் இளகிவிடும். பொட்டலம் தட்டையாக, விரல் தடிமனுக்கு மேற்படாமல் இருக்கட்டும். எவர்சில்வர் டப்பாவாக இருந்தால் கழுத்துவரை நிரப்பாதீர்கள். நீர் உறையும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பருத்து மூடியைத் தள்ளிவிடும்.

உறைபெட்டிக்கு ஒவ்வாதவையும் உண்டு. வெந்த உருளைக்கிழங்கு மணல்மணலாகப் போய்விடும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும். தயிர் நீர்விட்டுப் பிரியும். தேங்காய்ப்பால் விட்ட குழம்பு திரிந்தாற்போல் தோன்றும்; தேங்காயைப் பரிமாறும் நாளில் அரைத்துவிடுவதே நல்லது. இட்லி நன்றாகத் தாங்கும். சப்பாத்தி அதைவிட நன்றாகத் தாங்கும்.

மீன் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. செவுள் சிவந்து, கண் தெளிந்து, விரலால் அழுத்தினால் குழி விழாத மீனை வாங்கி, குடல் நீக்கிக் கழுவி, அன்றே உறையவையுங்கள். மத்தி, கானாங்கெளுத்தி போன்றவற்றை வெயிலில் விட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகி ஒவ்வாமைபோல் தொல்லை தரும். சமைத்தாலும் உறையவைத்தாலும் அது நீங்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால் அக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும். தேர்வுக் காலமும் பெரும்பாலும் அதையொட்டியே வருகிறது. முன்கூட்டி ஒரு கூறு வாங்கி வைப்பவர் புத்திசாலி. உணவை நெடுநாள் காக்கப் பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரி வேண்டும். ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் பல அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஆகவே உங்கள் கணக்கு வாரக் கணக்காக இருக்கட்டும். மாதக் கணக்கு வேண்டாம்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நாளுக்கு ஓர் எளிய உபாயம் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து உறைபெட்டியிலேயே விட்டுவிடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அது கிண்ணத்தின் அடியில் உறைந்து கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். உள்ளிருப்பதைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

நால்வர் பங்கிட்டுக்கொள்ளும் பெட்டியில் சண்டை வராமல் இராது. இதற்கும் பழவேற்காட்டில் ஒரு வழி இருக்கிறது. ஏரியில் நல்ல மீன் கிடைக்கும் இடங்கள் சில. அவற்றை வலுத்தவன் வளைத்துக்கொள்ளாதபடி, உரிமையுள்ள ஊரார் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கத்துக்குப் 'பாடு' என்று பெயர். இன்று இவர்களுக்கு இந்த இடம் என்றால், அடுத்த முறை வேறொருவருக்கு. உங்கள் அறையிலும் சமையலுக்கு ஒரு பாடு, கடைக்குப் போவதற்கு ஒரு பாடு, பெட்டியைத் துடைப்பதற்கு ஒரு பாடு என்று சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். பொட்டலத்தின்மேல் பெயரும் தேதியும் இருக்கட்டும்.

குளிர்சாதனப் பெட்டியே இல்லாத அறைகளும் உண்டு; விடுதிகளும் உண்டு. அவர்களுக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் வீட்டிலிருந்து வரும் வற்றலும் இருக்கின்றன. கருவாடும் இருக்கிறது. வாங்கும்போது மணல் ஒட்டாததாக, வலைமேலோ மேடைமேலோ காயவைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். முறித்தால் முறிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, சமைக்கும் முன் வெந்நீரில் அலசி உப்பைக் கழித்துவிடுங்கள். அது வறுபடும்போது எழும் மணத்தைப் பற்றி அடுத்த அறைக்காரர் என்ன சொல்வார் என்பதற்கு நான் பொறுப்பல்ல. அவரையும் சாப்பிட அழைத்துவிடுவது ஒரு வழி.

இனி, உறைந்ததை இளக்கும் முறையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மீன் பொட்டலத்தைக் காலையிலிருந்து மாலைவரை மேசைமேல் போட்டுவைக்காதீர்கள். மேற்புறம் கெட்டுப்போன பிறகும் நடுப்புறம் கல்லாகவே இருக்கும். கல்லூரிக்குப் புறப்படும்போது மேல்தட்டிலிருந்து எடுத்து, கசிவு பிறவற்றின்மேல் படாதபடி ஒரு கிண்ணத்தில் இட்டு, கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மாலையில் திரும்பி வரும்போது அது சட்டியில் போட ஆயத்தமாக இருக்கும். ஒருமுறை இளகியதை மறுபடி உறையவைக்க வேண்டாம். நால்வரும் உட்கார்ந்து அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.